அசதியா, சோம்பலா? ஒரு தைராய்டுக்காரனின் நோட்டு

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸைப் போட்டுவிட்டேன். இன்னொன்று கையில் இருந்தது. "என்னங்க, இன்னும் கிளம்பலையா? இருபது நிமிஷமா இப்படியே உக்காந்திருக்கீங்க" என்று மனைவி கதவருகில் நின்று கேட்டபோதுதான் மணியைப் பார்த்தேன். முந்தைய இரவு ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தூக்கக் கலக்கம்கூட இல்லை. கையில் இருப்பதை மாட்டு என்று உடம்புக்குச் சொல்ல உள்ளே ஆள் இல்லாதது போலிருந்தது.

அப்போது எனக்கு 41 வயது. அதற்கு முந்தைய ஒன்றரை வருஷமாக என்னைப் பற்றி நானே எழுதி வைத்திருந்த தீர்ப்பு: சோம்பேறி. மற்றவர்கள் ஜாடைமாடையாக ஓரிரு தடவை சொல்லியிருப்பார்கள். நான் தினமும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் அறிகுறிகள் வரிசை கட்டி நின்றிருக்கின்றன. அலுவலகத்தில் எல்லோரும் ஏ.சி.யைக் கூட்டச் சொல்வார்கள். நான் முழுக்கைச் சட்டைக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு குறுகி உட்கார்ந்திருப்பேன். சோப்பு போட்டு இழுத்தும் மோதிரம் கழலவில்லை. காலையில் முகம் உப்பியிருக்கும். மலச்சிக்கல். குதிகால் தோல் மரப்பட்டை மாதிரி. புருவத்தின் வெளி நுனியில் முடி குறைந்திருந்ததை முதலில் கவனித்தவர் எனக்கு முடி வெட்டுபவர். சாப்பாடு கூடாமலே எடை ஐந்து கிலோ கூடியிருந்தது. பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் எகிறியிருந்தது. எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன், கொலஸ்ட்ரால் அசையவில்லை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமானால் கொலஸ்ட்ரால் ஏறும் என்று அப்போது தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் கிடைத்துக்கொண்டே இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மனசு விஷயம் இன்னும் மோசமாக ஏமாற்றியது. மனச்சோர்வு என்றால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மகள் பள்ளியில் நடந்த ஏதோ ஒரு கூத்தைச் சொல்லிச் சிரிப்பாள். எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், சிரிப்பேன், ஆனால் அரை நொடி தாமதமாக. அவள் ஒருநாள், "நீங்க கேக்கவே இல்லப்பா" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் தவறான கதவைத்தான் தட்டினேன். நாற்பது தாண்டிய ஆண், களைப்பு, ஆர்வக்குறைவு என்று போனில் தேடினால் என்ன விளம்பரம் வரும் என்று தெரியுமே. ஒரு கிளினிக். மத்தியானம் மூன்று மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 238. அவர்கள் காட்டிய கீழ் வரம்பு 300. "சார், இதுதான் காரணம். இன்னைக்கே முதல் ஊசி போட்டுக்கலாம்" என்றார் எதிரே இருந்தவர். ஒன்றரை வருஷமாகக் காரணம் தேடியவனுக்கு ஒரு எண் கிடைத்ததில் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. பர்ஸை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த மறதிக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். குறைவு என்று முடிவு கட்ட, வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவை, காலையில், வெறும் வயிற்றில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மத்தியான டெஸ்டை வைத்து ஊசி போடுவது சரியல்ல. அந்த ஊசி வெளியிலிருந்து போகப்போக உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விந்தணு எண்ணிக்கை விழும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களுக்கு அது பெரிய சிக்கல். என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. தைராய்டு குறைந்தாலே டெஸ்டோஸ்டிரோன் அளவு கீழே காட்டும். தைராய்டைச் சரிசெய்த பிறகு காலையில் எடுத்துப் பார்த்தோம்: 460. ஒரு ஊசிகூடப் போடாமல்.

தைராய்டு என்ற வார்த்தையை முதலில் சொன்னது டாக்டர் இல்லை, அக்கா. போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் நிறுத்தி, "டேய், உனக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "ரெண்டு மாசமா இதே குரல்லதான் பேசுற. மெதுவா வேற பேசுற. எனக்கு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. போய் தைராய்டு பாரு." ஆம்பளைக்கு வருமா என்று கேட்டேன். "கழுத்து உனக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

போனை வைத்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கே அனுப்பியிருந்த ஒரு வாய்ஸ் மெசேஜைத் தேடிப் போட்டுக் கேட்டேன். பிறகு அந்த வாரம் அனுப்பியதை. முதலாவதில் வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு வார்த்தையும் இறங்கி நடந்து வந்தது. கரகரப்பு வேறு. தினமும் கேட்கும் சொந்தக் குரல் மாறியது நமக்குத் தெரியாது. சந்தேகம் இருப்பவர்கள் பழைய வீடியோவையோ ஆடியோவையோ எடுத்துப் பாருங்கள். காசு செலவில்லாத டெஸ்ட் அது.

பெண்களுக்குத்தான் இது பல மடங்கு அதிகம் வருகிறது, உண்மை. அதனாலேயே ஆண்களுக்கு யாரும் சீக்கிரம் பார்ப்பதில்லை. பெண்களுக்கோ வேறு விதமான அநியாயம். அக்காவுக்கு இது குழந்தை பிறந்து ஐந்தாறு மாதத்தில் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு வருஷத்துக்குள் தைராய்டு வீங்கி, முதலில் ஹார்மோன் அதிகமாகக் கசிந்து, பிறகு குறைந்துபோவது உண்டு. பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகிவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அம்மா களைப்பாக இருக்கிறாள், சிடுசிடுக்கிறாள் என்றால் யார் ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? "குழந்தை வளந்தா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. குழந்தை வளந்துச்சு" என்று அக்கா சொல்வாள்.

அக்கா தன் மாத்திரைப் பட்டையிலிருந்து பத்து கொடுக்கிறேன் என்றாள். வாங்கிக்கொள்ள எனக்கும் ஆசைதான். வாங்காதது நல்லது என்று பிறகு புரிந்தது. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் சம்பந்தமில்லாதது போல் தெரிந்த சில கேள்விகளைக் கேட்டார்: தோல் கறுத்திருக்கிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, உப்புக்கு ஏங்குகிறதா. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்காமல் நின்றுபோகும் நோய் ஒன்று உண்டு. 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தது, அவர் பெயரில்தான் இருக்கிறது. அதிலும் களைப்புதான் முதல் அறிகுறி. அது இருப்பது தெரியாமல் தைராய்டு மாத்திரையைப் போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதயக் கோளாறு இருப்பவர்களும் வயதானவர்களும் மிகக் குறைந்த டோஸில்தான் தொடங்க வேண்டும். ஒரே வீட்டில் ஒரே வியாதி ஓடுவதால் மாத்திரையையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆகாது.

அந்த டாக்டர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்குப் பிடித்தது. டயர்டாக இருக்கிறது என்று நான் சொன்னதும், "எந்த மாதிரி?" என்றார். முழித்தேன். யோசித்தால் நம்மிடம் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன. வேலை செய்து முடித்தபின் வருவது களைப்பு, உட்கார்ந்தால் தீரும். கண் சொக்குவது தூக்கம். அது பகலில் ஓயாமல் வந்தால் குறட்டை, இரவில் மூச்சுத் தடைபடுவது பக்கம் பார்க்க வேண்டும். செய்ய முடியும் ஆனால் மனமில்லை என்பது சோம்பல். செய்ய ஆசை இருந்து கை கால் இரும்பாகக் கனப்பது அசதி. ஆசையே வற்றிப்போவது இன்னொன்று. எனக்குக் கடைசி இரண்டும் இருந்தன. இதை இப்படிப் பிரித்துச் சொன்னதும் அவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார். "ரெண்டு மாடி ஏறினா தொடை கனக்குது, நாலு மாசம் முன்னாடி அப்படி இல்லை" என்பது போல ஒரு வாக்கியம், டயர்டா இருக்கு என்பதைப் பத்து தடவை சொல்வதைவிட மேல்.

ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். 38.6. பொதுவாக ஆய்வகங்கள் போடும் வரம்பு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 வரம்புக்குக் கீழே. டி.பி.ஓ. எதிரணுக்கள் எக்கச்சக்கம்.

டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு அதிகமாகிவிட்டது என்று குழம்பாதவர்கள் குறைவு, நானும் குழம்பினேன். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி போடும் சத்தம் அது. கழுத்தில் இருக்கும் சுரப்பி வேலை செய்யவில்லை என்றால் மேலிருந்து சத்தம் கூடிக்கொண்டே போகும். 38.6 என்பது தொண்டை கிழியக் கத்துவது. (சில அபூர்வமான நேரங்களில் கத்த வேண்டிய பிட்யூட்டரியே பழுதாகி இருக்கும். அப்போது டி.எஸ்.எச். சாதாரணமாகத் தெரியும், டி4 மட்டும் குறைந்திருக்கும். சந்தேகம் பலமாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.) எதிரணுக்கள் என்றால் நம் நோய் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது என்று அர்த்தம். 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதிய கட்டுரையால் அவர் பெயர் இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது.

அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. மனசு சரியில்லை என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தேன். 38.6 என்றதும் எல்லோரும் உட்கார வைத்து விசாரித்தார்கள், வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அதே அசதி, அதே ஆள். புள்ளி வைத்த ஒரு எண் கையில் இருந்ததுதான் வித்தியாசம். நன்றியோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் கசப்போடும்.

மருந்து லெவோதைராக்ஸின். சுரப்பி செய்யாததை மாத்திரை செய்கிறது, அவ்வளவுதான். 1891இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு, தைராய்டு அடியோடு நின்றுபோன ஒரு பெண்ணைத் தேற்றினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று முகம் சுளித்த எனக்கு, அந்த அம்மாளை நினைத்தால் வெட்கமாக இருக்கும்.

மாத்திரை சின்னது, நிபந்தனைகள் பெரிது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பிடுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். காபியும் அதற்குப் பிறகுதான். காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து எதுவானாலும் நான்கு மணி நேரம் இடைவெளி. காலையில் முடியாதவர்கள் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது போடலாம் என்றார் டாக்டர். ஒரே நேரமாக இருப்பது முக்கியம். நான் டப்பாவை அலாரம் அடிக்கும் போனுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ஒருநாள் மறந்தால் உலகம் இடிந்துவிடாது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும்.

அந்த ஏழு நாள்தான் எல்லாப் பொறுமைக்கும் காரணம். போட்ட மருந்து ஒரு நிலைக்கு வந்து நிற்க ஐந்தாறு வாரம் ஆகிறது. அதனால்தான் டோஸ் மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். இதை யாராவது முதல் நாளே என்னிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 50 மைக்ரோகிராமில் தொடங்கி நான்காம் நாள் காலையில் எழுந்து, என்ன மாற்றம் என்று என்னையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருந்தது. உடனே விட்டுப்போன ஓட்டத்தைத் தொடங்கினேன். மூன்று கிலோமீட்டர். அடுத்த இரண்டு நாள் தொடை பிடித்துக்கொண்டு படியில் பக்கவாட்டில் இறங்கினேன். தைராய்டு குறைந்த தசை பழைய தசை இல்லை. பிறகு நேரம் வைத்து நடந்தேன். பன்னிரண்டு நிமிஷம் போ, திரும்பி வா. இன்னும் போகலாம் போல இருக்கும்போதே திரும்புவது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நோட்டு இங்கேதான் வந்தது. மனைவியின் யோசனை. தினமும் படுக்கும் முன் மூன்று எண்கள்: உடம்பு, மனசு, தலை. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. தலை என்றால் யோசனைத் தெளிவு. ஒரு மின்னஞ்சலை எத்தனை தடவை படித்தால் புரிகிறது என்பது போல. விளக்கம் எழுதக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். எழுதத் தொடங்கினால் புலம்பலாகும், புலம்பலானால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவேன். முப்பது நொடி வேலை.

ஒன்பதாவது வாரம் ஒரு சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன், மாத்திரை ஒன்றும் செய்யவில்லை, ஆரம்பத்தில் எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன் என்று. மனசார நம்பித்தான் சொன்னேன். அவள் பேசாமல் நோட்டை எடுத்து வந்து இரண்டு பக்கங்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். முதல் வாரம் உடம்புக்கு நேரே 1, 0, 1, 1, 0, 1, 1. ஒன்பதாவது வாரம் 2, 3, 2, 1, 3, 2, 3. என் கையெழுத்து. முந்தைய இரவுகூட 3 போட்டிருந்தேன்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி, எண்கள் ஏறியிருந்தது இல்லை. அது தெரியாமல் போனதுதான். சோர்ந்த மனசு பொய் சொல்கிறது. அதுவும் நேற்றைப் பற்றிப் பொய் சொல்கிறது. எப்பவும் இப்படித்தான் இருந்தது, இனிமேலும் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லும். கொஞ்சம் நன்றாக இருந்த செவ்வாய்க்கிழமையை அழித்துவிடும். அந்த மனசை நம்பி டாக்டரிடம் போய், பிரயோஜனமில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்வார்? டோஸைக் கூட்டலாம். தேவைக்கு மேல் கூடினால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். நாளடைவில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். அதனால் அடுத்த சந்திப்புகளுக்கு என் கருத்தை எடுத்துப் போகவில்லை, நோட்டை எடுத்துப் போனேன்.

டி.எஸ்.எச். 14.2 ஆகியிருந்தது. டோஸ் 75. அடுத்த டெஸ்டில் விசித்திரம்: 0.1. ஃப்ரீ டி4 வரம்புக்கு மேலே. அதாவது மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று ரிப்போர்ட் சொல்கிறது. டாக்டர் டோஸைக் குறைக்கப் பேனாவை எடுத்தார், என் நோட்டைப் பார்த்தார், நிறுத்தினார். உடம்பு இன்னும் 2, 3 என்றே போய்க்கொண்டிருந்தது. நாடி 62. "மருந்து அதிகமானவன் இப்படி இருக்க மாட்டான். வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "வைட்டமின்?" முடி கொட்டுகிறதே என்று நானாக வாங்கிய பயோட்டின், தினமும் பத்து மில்லிகிராம். அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பயோட்டின் உடம்பில் ஹார்மோனை மாற்றுவதில்லை. பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகிறது; ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டுமாம். நான் ஒரு வாரம் நிறுத்தினேன். நிஜமான டி.எஸ்.எச். 7.1. குறைத்திருக்க வேண்டியதில்லை, கூட்ட வேண்டியிருந்தது. 100இல் நின்றோம், அடுத்த டெஸ்டில் 2.3.

முடி? தைராய்டு சரியான நாலைந்து மாதத்தில் தானாக நின்றது.

இன்னொரு சின்ன விஷயம். டி.எஸ்.எச்.சும் நேரத்துக்கு நேரம் ஆடும், விடியற்காலையில் கூடுதல், மத்தியானம் குறைவு. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஆய்வகம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டேன். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவேன். இல்லாவிட்டால் டி4 கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

2.3 வந்ததும் கதை முடிந்தது என்று நினைத்தேன். நோட்டு வேறு சொன்னது. உடம்பு 4, தலை 4, மனசு 2. மூன்று வாரம் பார்த்தேன், மனசு 2இலேயே உட்கார்ந்திருந்தது. முதல் சந்திப்பில் டாக்டர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்திருந்தார், பி.எச்.க்யூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ஆர்வமில்லாமல் இருந்தது, எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்கிற மாதிரி. மொத்தம் 27க்கு. அப்போது எனக்கு 16. இப்போது மறுபடி போட்டுப் பார்த்தால் 11. பத்தோ அதற்கு மேலோ என்றால் கவனிக்க வேண்டியது. தூக்கமும் தெம்பும் சரியாகி ஐந்து மார்க் குறைந்திருந்தது. மிச்சம் அங்கேயே.

ஒன்றரை வருஷம் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தவனுக்கு அந்தத் திட்டு ஒரு பழக்கமாகிவிடுகிறது. ஹார்மோன் போன வழியில் அது போவதில்லை. கூப்பிடாமல் இருந்த நண்பர்கள், தள்ளிப்போட்ட வேலைகள், மகளிடம் வந்த தூரம், இதற்கெல்லாம் மைக்ரோகிராம் கணக்கு கிடையாது. சிலருக்குத் தைராய்டு எண்கள் சரியான பின்னும் அறிகுறிகள் தொடரும் என்று டாக்டரும் சொன்னார். ரத்தச்சோகை, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, கால்சியம் எல்லாம் பார்த்தார். என் இரும்புச் சேமிப்பு கொஞ்சம் குறைவு, அதற்கு மாத்திரை, நான்கு மணி நேர இடைவெளியோடு. பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சிலருக்கு மனச்சோர்வு மருந்தும் தேவைப்படும், எனக்குப் பேச்சோடு போயிற்று.

ஆலோசகர் என்னிடம் பெரிதாக எதையும் தோண்டவில்லை. முன்பு எது பிடிக்கும் என்று கேட்டார். சைக்கிள். "இப்ப ஓட்டுவீங்களா?" பிடித்தால் ஓட்டுவேன் என்றேன். "பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஓட்டவும் வேண்டாம். இந்த வாரம் கீழே இறக்கிக் காத்து மட்டும் அடிங்க." மாடிப்படி அடியிலிருந்து இழுத்தேன். சங்கிலியில் துரு, சீட்டில் விரல் தடிமனுக்குத் தூசி. காற்று அடித்தேன், பின் டயர் நிற்கவில்லை. ட்யூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். "இதோ, இங்கேருந்துப்பா" என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அன்று நோட்டில் மனசுக்கு 3. ஆசை வந்து வேலை செய்வது ஒரு வழி. வேலையைத் தொட்டால் பின்னால் ஆசை மெதுவாக வருவதும் உண்டு என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பத்து அமர்வுகளுக்குப் பிறகு அந்தத் தாளில் 5.

அதன் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்று கேட்கும். நான் பூஜ்யம் போட்டேன், ஆனால் கொஞ்சம் நிதானித்துத்தான் போட்டேன். அந்த நிதானிப்பையும் டாக்டரிடம் சொன்னேன். அங்கே உங்கள் எண் பூஜ்யம் இல்லை என்றால் ஹார்மோன் சரியாகட்டும் என்று ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒரு மனிதரிடம், ஒரு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

என்னைப் போலத் தேடுபவர்கள் கண்ணில் 'அட்ரினல் களைப்பு' என்ற ஒன்று கட்டாயம் படும். எச்சில் டெஸ்ட், டப்பா டப்பாவாகப் பொடிகள். அடிசன் நோய் நிஜம், கார்ட்டிசால் மிதமிஞ்சிச் சுரக்கும் குஷிங் நோய் நிஜம். மன அழுத்தத்தால் அட்ரினல் களைத்துப்போகிறது என்ற இந்த வியாதியை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. அசதி நிஜமாக இருக்கும். அதற்கு ஒட்டிய பெயர்தான் போலி. சில பொடிகளில் சொல்லாமலே ஸ்டீராய்டோ தைராய்டு ஹார்மோனோ கலந்திருந்ததும் உண்டு.

அக்காவுக்கு இப்போது 47. தைராய்டு எண் சரியாக இருந்தும் இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறாள், சின்ன விஷயத்துக்குக் கண்ணில் தண்ணீர். மாதவிடாய் முன்பின் ஆகிறது. இந்தத் தடவை போனில் நான்தான் கேட்டேன், மாதவிடாய் நிற்கப்போகும் கட்டமா இருக்குமோ என்று. அந்த வருஷங்களில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன் ஒரே சீராகக் குறையாமல் ஏறி இறங்கி ஆடுவதால், ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். "அப்ப என்னத்தக் காட்டுறது?" என்றாள். நோட்டு போடச் சொன்னேன். மூன்று எண்ணோடு நான்காவதாகத் தூக்கம், ஐந்தாவதாகத் தீட்டுத் தேதி.

"நீ என்னடா, எனக்கே வைத்தியம் சொல்ற" என்றாள். சொல்லிவிட்டு, "குரல் நல்லா இருக்கு இப்ப" என்றாள்.

எனக்கு இப்போது வருஷத்துக்கு ஒரு டெஸ்ட். நாளைக் காலை ஏழரைக்கு. இன்று உடம்பு 4, தலை 4, மனசு 3. மாத்திரை டப்பாவைப் போனிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன், பழக்க தோஷத்தில் வாயில் போட்டுவிடாமல் இருக்க.